கணவரின் ரயில்வே பென்ஷனில் எனக்கு என்ன உண்டு?

கேள்வி: என் வயது 54. கணவர் 1994-ல் ரயில்வேயில் சேர்ந்தவர். இன்னும் பதினான்கு மாதத்தில் 60 வயது முடிந்து ஓய்வு பெறுகிறார். அடிப்படைச் சம்பளம் 78,800 ரூபாய். மூன்று வருடமாகத் தனித்தனியாக இருக்கிறோம். பென்ஷன் பேப்பரில் ஒட்டுவதற்கு ஜாயின்ட் போட்டோ எடுக்கக் கூப்பிடுவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்; வந்தது வக்கீல் கடிதம். பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து, மொத்தமாக 15 லட்சம் என்கிறார்கள். "பென்ஷனின் மதிப்பே 38.7 லட்சம்தான், அதில் உங்களுக்குச் சட்டப்படி பங்கும் கிடையாது" என்று கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் சித்தி பெண்ணோ பாதி பென்ஷன் எனக்குத்தான் என்கிறாள். எது சரி? எனக்கு வருமானம் இல்லை. ஒரே மகளுக்குத் திருமணமாகிவிட்டது. வீடு அவர் பெயரில் இருக்கிறது.
- வாசகி, திருச்சி

பதில்: சகோதரி, முதலில் ஒன்று. அந்தக் கடிதத்துக்கு இந்த வாரம் எந்தப் பதிலும் அனுப்பாதீர்கள். பரஸ்பர சம்மத விவாகரத்து உங்கள் கையெழுத்து இல்லாமல் நடக்காது. அவசரம் இருந்தால் அது அவர்கள் பக்கத்து அவசரம்.

உங்கள் சித்தி பெண் சொல்வது அவர் வாழும் ஊரின் சட்டம். அங்கே திருமண காலத்தில் சேர்ந்த பென்ஷனை நீதிமன்றமே பிரித்து, முன்னாள் மனைவியின் பங்கை நேரடியாக அவருக்கு அனுப்பச் சொல்ல முடியும். நம் இந்து திருமணச் சட்டத்தில் அப்படிப் பங்கு பிரிக்கும் ஏற்பாடு இல்லை. இங்கே கிடைப்பது ஜீவனாம்சம். 25-வது பிரிவின்படி அதை மொத்தமாகவும் வாங்கலாம், மாதாமாதமும் வாங்கலாம். அதை முடிவு செய்யும்போது அவருடைய வருமானம், சொத்து, உங்கள் நிலைமை எல்லாவற்றையும் நீதிமன்றம் பார்க்கும். அதனால் பென்ஷனில் பங்கு இல்லை என்பது உண்மைதான். ஆனால் பென்ஷன் கணக்கிலேயே வராது என்பது உண்மையில்லை.

சரி, அந்த 38.7 லட்சம் எங்கிருந்து வந்தது என்று போட்டுப் பார்த்தேன். அவர் பழைய பென்ஷன் திட்டத்தில் இருப்பவர். 2004 ஜனவரி 1-க்கு முன்பு வேலையில் சேர்ந்தவர்களுக்கு அதுதான். கடைசிச் சம்பளத்தில் பாதி, 39,400 ரூபாய் பென்ஷன். வருடத்துக்கு 4,72,800. அதை 8.194 என்ற எண்ணால் பெருக்கியிருக்கிறார்கள். 60 வயதில் ஓய்வு பெறுபவருக்கான கம்யூட்டேஷன் பட்டியல் எண் அது. 38.7 லட்சம் வந்துவிட்டது.

எண் சரி, பயன்படுத்திய இடம் தவறு. கம்யூட்டேஷன் என்பது பென்ஷனில் அதிகபட்சம் 40 சதவீதத்தை முன்கூட்டியே மொத்தப் பணமாக வாங்கிக்கொள்வது. அப்படி விட்டுக்கொடுத்த பகுதி 15 வருடம் கழித்துத் திரும்பவும் பென்ஷனில் சேர்ந்துவிடும். நடுவில், விலைவாசிக்கு ஏற்ப பென்ஷனோடு சேர்த்துத் தரும் அகவிலை நிவாரணமோ குறைக்கப்படாத முழு பென்ஷனுக்கும் கணக்கிடப்படும். அதாவது 8.194 என்பது அகவிலை நிவாரணம் சேராத, 15 வருடத்தில் திரும்பி வரும் ஒரு துண்டின் விலை. அதை வைத்து ஆயுள் முழுக்க வரும் பென்ஷனை விலை போடுவது, வீட்டை 15 வருடத்துக்கு ஒத்திக்கு விட்ட தொகையைக் காட்டி, வீட்டின் விலையே இதுதான் என்று சொல்வது போல.

நான் போடும் கணக்கு இப்படி. 2025 ஜூலை நிலவரப்படி அகவிலைப்படி 58 சதவீதம்; பென்ஷனுக்கான நிவாரணமும் அதே அளவுதான். அதைச் சேர்த்தால் அவருடைய பென்ஷன் மாதம் 62,252 ரூபாய், வருடத்துக்கு சுமார் 7.47 லட்சம். அவர் 78 வயது வரை இருப்பார் என்று வைத்துக்கொண்டால் 18 வருடம். விலைவாசி ஏற ஏற நிவாரணமும் ஏறுவதால் பணவீக்கத்தைத் தனியாகக் கழிக்க வேண்டியதில்லை. பிறகு வரும் பணம் இன்று கையில் இருக்கும் பணத்தை விட மதிப்புக் குறைவு என்பதற்காக வருடத்துக்கு 2 சதவீதம் மட்டும் தள்ளுபடி செய்து பார்த்தாலும் இன்றைய மதிப்பில் 1.12 கோடி வருகிறது. அவர்கள் காட்டுவதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. எட்டாவது ஊதியக் குழுவின் பலன் இதில் சேரவில்லை.

ஓய்வு பெறும்போது கைக்கு வரும் பணமும் இருக்கிறது. 33 வருட சர்வீஸ் இருப்பதால் கிராஜுவிட்டி பதினாறரை மாதச் சம்பளம். அகவிலைப்படியோடு சேர்த்து 20.5 லட்சம். உச்சவரம்பு 25 லட்சம் என்பதால் குறைக்க மாட்டார்கள். 300 நாள் விடுப்பு மீதம் இருந்தால் அதற்கு 12.45 லட்சம். 40 சதவீதத்தை கம்யூட் செய்தால் 15.5 லட்சம். மூன்றும் சேர்ந்து 48 லட்சத்துக்கு மேல். பி.எஃப். இருப்பு தனி. ஒன்றைக் கவனியுங்கள்: முழு பென்ஷனின் மதிப்பையும் கம்யூட்டேஷன் தொகையையும் கூட்டக் கூடாது, ஒரே பணத்தை இரண்டு முறை எண்ணியது போலாகிவிடும். நம் பக்கம் அந்தத் தவறு இருந்தால் எதிர் வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார்.

இதையெல்லாம் விட என் மனதை உறுத்துவது அந்தக் கடிதத்தில் இல்லாத ஒரு விஷயம். குடும்ப ஓய்வூதியம். அவருக்குப் பிறகு மனைவிக்கு வருவது, கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். அதே 58 சதவீதக் கணக்கில் 23,640 ரூபாயும் அகவிலை நிவாரணமும் சேர்த்து மாதம் 37,351. விவாகரத்துத் தீர்ப்பு வந்த அன்றே அந்த உரிமை உங்களை விட்டுப் போய்விடும். பிறகு அவர் மறுமணம் செய்துகொண்டால், அது ஓய்வுக்குப் பின்பே நடந்தாலும், அந்த மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு.

இதற்கும் விலை உண்டு. அவர் இன்னும் இருபது வருடம் இருக்கிறார், நீங்கள் 85 வயது வரை இருக்கிறீர்கள் என்றால், உங்கள் 74-லிருந்து 85 வரை பதினோரு வருடம் இந்தப் பணம் வரும். இன்றைய ரூபாயில் மொத்தம் 49 லட்சம். காத்திருக்கும் காலத்துக்கு 2 சதவீதம் கழித்தாலும் 29 லட்சத்துக்குக் குறையாது. அவர்கள் 15 லட்சம் தருகிறோம் என்கிறார்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுப்பது மட்டுமே அதைப்போல இரண்டு மடங்கு.

இதை என்னிடம் வரும் பெண்கள் பலரும் கணக்கில் எடுப்பதே இல்லை. கணவன் இறந்த பிறகு வரும் பணத்தைப் பற்றி இப்போதே பேசுவது அபசகுனம் என்று ஒரு தயக்கம். தயங்காதீர்கள். முப்பது வருடம் குடும்பம் நடத்திய பெண்ணின் முதுமைக்கு அரசாங்கம் ஒதுக்கி வைத்த பணம் அது.

அதனால் விவாகரத்து உங்களுக்குத் தேவையா என்பதையே ஒரு முறை யோசியுங்கள். நீதிமன்றம் மூலம் பிரிந்து வாழும் ஏற்பாடு இருக்கிறது, ஜுடிஷியல் செபரேஷன் என்பார்கள். அதில் திருமணம் முறியாது. குடும்ப ஓய்வூதியம் பெறத் தகுதியுள்ள பிள்ளைகள் இல்லாததால் அது உங்களுக்கே வரும். ஆனால் அந்த உத்தரவுக்குப் பிறகு ஒரு வருடம் சேர்ந்து வாழாவிட்டால் இருவரில் யாரும் விவாகரத்து கேட்கலாம். ஆகவே அதை நிரந்தரப் பாதுகாப்பாக நினைத்துவிடாதீர்கள்.

இல்லை, பிரிந்துவிடுவதுதான் நிம்மதி என்றால் அதுவும் உங்கள் உரிமை. அப்போது மொத்தத் தொகையாகக் கேளுங்கள் என்பதுதான் என் கருத்து. மாத ஜீவனாம்சத்துக்கு, கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமானது என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் ஒரு வழக்கில் சொன்னது. சட்டத்தில் அப்படி விகிதம் இல்லை, ஒரு வழிகாட்டியாக எடுத்துக்கொள்ளலாம். அவருடைய பென்ஷனில் அது மாதம் சுமார் 15,500 ரூபாய். சிக்கல் என்னவென்றால், அது ஒழுங்காக வர வேண்டும். வேலையில் இருக்கும்வரை ஜீவனாம்ச பாக்கிக்காகச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை பிடிக்க முடியும். அரசு பென்ஷனுக்கும் கிராஜுவிட்டிக்கும் ஜப்தியிலிருந்து சட்டம் பாதுகாப்புக் கொடுக்கிறது. ஜீவனாம்சத்துக்காக பென்ஷனைப் பிடிக்கலாம் என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2019-ல் சொல்லியிருந்தாலும், 65 வயதில் நீங்கள் அதைக் காட்டி வழக்காட வேண்டுமா? அப்புறம், அவர் காலமாகிவிட்டால் அடுத்த மாதப் பணத்தை யாரிடம் போய்க் கேட்பது?

எவ்வளவு கேட்கலாம்? குடும்ப ஓய்வூதியத்தின் இழப்பு 29 லட்சத்தை அடிமட்டமாக வையுங்கள். மாதம் 15,500 வீதம் 18 வருடத்துக்கு, அதே 2 சதவீதத் தள்ளுபடியில், 28 லட்சம். ஆக 57 லட்சத்தில் பேச்சைத் தொடங்கலாம். எங்கே முடியும் என்பது வீட்டையும் பி.எஃப். இருப்பையும் பொறுத்தது. வீட்டில் ஆயுள் முழுக்க வசிக்கும் உரிமையோ, வீட்டை உங்கள் பெயருக்கு எழுதித் தருவதோ இருந்தால் ரொக்கத்தில் இறங்கி வரலாம். ஒரு பகுதியை மாதத் தொகையாக ஒப்புக்கொண்டால், 25-வது பிரிவே அனுமதிப்பதுபோல் அதை வீட்டின் மீது பொறுப்பாக (பணம் வராவிட்டால் வீட்டிலிருந்து வசூலிக்கும்படி) ஏற்றச் சொல்லுங்கள். அகவிலை நிவாரணம் ஏறும்போதெல்லாம் அந்தத் தொகையும் ஏற வேண்டும் என்று ஒரு வரியும் வேண்டும்.

இப்போது கையில் பணம் இல்லை, ஓய்வுக்குப் பிறகுதான் வரும் என்பார்கள். நியாயம்தான். அதற்கும் வழி இருக்கிறது. பரஸ்பர சம்மத மனுவில் முதல் நாள் ஒரு கையெழுத்து, ஆறு மாதத்துக்குப் பிறகு 18 மாதத்துக்குள் இரண்டாவது முறை ஆஜராக வேண்டும். ஓய்வுக்குப் பதினான்கு மாதம்தான் இருக்கிறது. அந்தப் பணம் அவருக்கு வந்த பிறகு இரண்டாவது ஆஜர் இருக்கும்படி தேதியை வக்கீலிடம் பேசுங்கள். டி.டி. நீதிமன்றத்தில் உங்கள் கைக்கு வந்த பிறகு சம்மதம் சொல்லுங்கள். அதற்கு முன்பு "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்ற வாசகம் எந்தத் தாளில் இருந்தாலும் கையெழுத்து வேண்டாம். தீர்ப்பு வரும்வரை நீங்கள் மனைவிதான். இடையில் அவருக்கு ஏதாவது நேர்ந்தால் குடும்ப ஓய்வூதியமும் உங்களுக்குத்தான்.

பேச்சுவார்த்தைக்கு முன்பு அவருடைய கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பி.எஃப். சீட்டு, விடுப்பு இருப்பு, வீட்டுப் பத்திர நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். தர மறுத்தால், வழக்கு என்று போகும்போது இருவரும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொன்னதை உங்கள் வக்கீல் எடுத்துக் காட்டுவார்.

இன்னொன்று. இதுவரை உங்களுக்குச் சுகர் மாத்திரையோ கண் பரிசோதனையோ பொன்மலை ரயில்வே மருத்துவமனையில் நடந்துகொண்டிருந்தால், விவாகரத்துக்குப் பிறகு அந்த அட்டை செல்லாது. 54 வயதில் புதிதாக எடுக்கும் மருத்துவக் காப்பீட்டில், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. அதனால் பாலிசியை இந்த மாதமே எடுங்கள். வழக்கு முடிவதற்குள் அந்தக் காத்திருப்பில் ஒரு வருடமாவது கழிந்திருக்கும். பிரீமியத்தை ஒப்பந்தத் தொகையில் தனி வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.