4 கோடி பீப்பாய் என்றால் எண்ணெய் கிடைத்துவிட்டதா?

இல்லை. பங்கு வாங்கலாமா என்று நீங்கள் கேட்ட, எண்ணெய் தேடும் சிறு நிறுவனத்தின் அறிக்கையில் இருக்கும் 4 கோடி பீப்பாய், இன்னும் யாரும் துளையிட்டுப் பார்க்காத எண்ணெய்.

உங்கள் காரைக்குடிப் பங்குத் தரகர் அதை ‘இருப்பு’ என்று சொன்னதில்தான் குழப்பம் வந்திருக்க வேண்டும். தமிழில் எல்லாவற்றையும் இருப்பு என்றே சொல்லிவிடுகிறோம். அறிக்கை சொல்லும் ‘ப்ராஸ்பெக்டிவ் ரிசோர்சஸ்’ என்பது துளையிடும் முன், நில அதிர்வு ஆய்வு போன்றவற்றை வைத்துப் போட்ட மதிப்பீடு. துளையிட்டுக் கண்டுபிடித்தும் லாபமாக எடுக்க வழி தெளிவாகாதது ‘கன்டின்ஜென்ட்’. அந்த வழியும் தெளிந்த பிறகே ‘ரிசர்வ்ஸ்’. தேவகோட்டைப் பக்கம் நீரோட்டம் பார்ப்பவர் இடம் காட்டியதுமே நாம் மோட்டார் வாங்குவதில்லை அல்லவா?

அறிக்கையைத் திறந்து இவற்றைப் பாருங்கள்:

1. எண்ணுக்கு அருகில் பி10 என்று இருந்தால், எண்ணெய் இருந்தாலும் அவ்வளவு கிடைக்க 10 சதவீத வாய்ப்புதான். பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள பி50 எண்ணைத் தேடுங்கள். கிணற்றில் எண்ணெய் கிடைக்கும் வாய்ப்பைத் தனியாகக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

2. அது மொத்த எண்ணெய் வயலின் அளவா, நிறுவனத்தின் பங்கா? 25 சதவீதப் பங்கு என்றால் 4 கோடி 1 கோடியாகிவிடும்.

பக்கத்து ராமநாதபுரத்தில் எரிவாயு வருவது உண்மை. வழுதூர் மின் நிலையம் அதில்தான் ஓடுகிறது. ஆனால் அது வேறொரு வயலுக்குச் சாட்சி ஆகாது.

கிணறு வெற்றி பெற்றாலும், அடுத்த கிணற்றுக்குப் பணம் திரட்டப் புதிய பங்குகள் வெளியிட்டால் உங்கள் பங்கு சுருங்கும். அப்பச்சியின் வைப்பு நிதியை இதற்காக உடைக்காதீர்கள்.