எக்ஸ்கவேட்டர் சங்கிலி தளர்வது ஏன்

22 டன் எக்ஸ்கவேட்டரை லோபெட்டில் (தாழ்வான தளமுள்ள ட்ரெய்லரில்) ஏற்றி, நாலு மூலைக்கும் 10 மி.மீ. சங்கிலி போட்டும், 40 கிலோமீட்டருக்குள் தளர்ந்து மெஷின் ஒரு சாண் முன்னால் நகர்ந்துவிட்டது என்கிறீர்கள். சங்கிலியை விடுங்கள், முதலில் ட்ரெய்லர் தளத்தைப் பாருங்கள்.

அழுத்தி பிரேக் பிடித்தால் எடையில் 0.8 பங்கு முன்னால் தள்ளும் என்று கணக்கு வையுங்கள், உங்களுக்கு 17.6 டன். இரும்பு மேல் இரும்பு, நடுவில் ஈரமும் சேறும் என்றால் உராய்வை எடையில் 0.2 பங்குக்கு மேல் நம்பாதீர்கள். அது 4.4 டன்னைத்தான் பிடிக்கும். மீதி 13 டன்னும் பின்னோக்கி இழுக்கும் இரண்டு சங்கிலிகள் மேல் விழுகிறது. கிரேடு 80 (உறுதியான அலாய் ஸ்டீல் சங்கிலி) என்றாலும் ஒன்றின் தாங்குதிறன் நேர் இழுப்பில் 6.3 டன்தான், சாய்த்துக் கட்டினால் இன்னும் குறையும். ட்ராக்குக்கு (மெஷின் ஓடும் இரும்புப் பட்டைக்கு) அடியில் சரக்கு கட்டுவதற்கென்றே வரும் ரப்பர் மேட் விரித்தால் உராய்வு 0.6 வரை ஏறும், சங்கிலிக்கு 4.4 டன்தான் மிச்சம்.

ஏற்றுவதற்கு முன் ட்ராக்கைச் சுரண்டிக் கழுவுங்கள். ஷூவுக்கும் (ட்ராக்கின் தகட்டுக்கும்) தளத்துக்கும் நடுவே நசுங்கிய சேறு ஓட்டத்தில் பிதுங்கி வெளியேறும், மெஷின் இறங்கும், சங்கிலி தொய்யும். கொக்கியை ட்ராக்கில் மாட்டவே கூடாது. அடிச்சட்டத்தில் உள்ள கட்டும் வளையத்தில் மாட்டுங்கள்.

பக்கெட்டைத் தளத்தில் ஊன்றி, அதற்குத் தனிச் சங்கிலி. மெஷினின் மேல்பகுதி சுழலாமல் பூட்டும் ஸ்விங் லாக்கைப் போடுங்கள். சங்கிலியை இறுக்க, நெம்பி இறுக்கும் லீவர் பைண்டரைவிடத் திருகி இறுக்கும் ராட்செட் பைண்டர் நல்லது, கைப்பிடியையும் கட்டிவிடுங்கள். கிளம்பி 10 கிலோமீட்டரில் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள்.