அறுகம்பே விடுதிக்குக் கடன் எடுக்கலாமா?

சுற்றுலா மீண்டுவிட்டதால் இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் அறுகம்பேயில் ஆறு அறை விடுதிக்கு வங்கிக் கடன் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். மீண்டது உண்மைதான். 2018இல் இலங்கைக்கு 23 லட்சம் வெளிநாட்டவர் வந்தார்கள். 2021இல் அது 2 லட்சத்துக்கும் கீழே போனது. 2024இல் மறுபடி 20 லட்சத்தைத் தாண்டியது. ஆனால் வருமானம்? 2018இல் சுமார் 440 கோடி டாலர், 2024இல் 320 கோடிக்குக் கிட்டத்தான். ஆள் வந்த அளவுக்குக் காசு வரவில்லை.

சரி, உங்களுக்கு அதைவிடப் பெரிய தலையிடி பருவம். அலைச்சறுக்குக்காரர்கள் அங்கே வருவது பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை. டிசம்பரில் எல்லோரும் தெற்கே வெலிகம, ஹிக்கடுவைப் பக்கம் போய்விடுவார்கள். வங்கித் தவணையோ பன்னிரண்டு மாதமும் வரும்! பருவத்தில் கூடவும் மற்ற மாதங்களில் குறையவும் கட்ட விடுவார்களா என்று முதலில் வங்கியில் கேளுங்கள். முடியாது என்றால் இரண்டு அறையோடு தொடங்குங்கள், ஆறு வேண்டாம்.