கேமராவை விட்டுத் தள்ளி வைத்த பிளாஷ்: குறைந்த செலவு மேக்ரோ கேள்வி பதில்

வணக்கம். விலை குறைந்த கருவிகளைக் கொண்டு மேக்ரோ (பூச்சி போன்ற சிறியவற்றை மிக அருகிலிருந்து) படமெடுப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை, பிளாஷையும் ஷட்டரையும் தள்ளி நின்று இயக்குவதைப் பற்றியே இருந்தன. அவற்றுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: எக்ஸ்டென்ஷன் டியூப் (கேமராவுக்கும் லென்சுக்கும் இடையே மாட்டும் வெற்றுக் குழாய்) போட்டு எடுக்கிறேன். கேமராவிலேயே உள்ள பிளாஷைப் பயன்படுத்தினால் லென்சின் நிழல் பூச்சியின் மேல் விழுகிறது. முதலில் எதை வாங்குவது?

பதில்: ஒரு சாதாரண மேனுவல் பிளாஷும், அதை ஹாட் ஷூவோடு (கேமராவின் மேலுள்ள, பிளாஷ் மாட்டும் இடத்தோடு) இணைக்கும் சுருள் கேபிளும் போதும். கேபிளுக்குத் தனி பேட்டரி வேண்டாம், சிக்னல் தவறவும் செய்யாது. கை எட்டும் தூரத்துக்குள் பிளாஷை வைப்பவருக்கு கேபிளில்லாமல் பிளாஷை இயக்கும் ரேடியோ டிரிகரை விட அதுவே மேல் என்பது என் கருத்து. டிடிஎல் (கேமராவே அளந்து பிளாஷின் பவரைத் தீர்மானிக்கும் முறை) இல்லையே என்று வருந்தத் தேவையில்லை. பிளாஷை ஒரு பிராக்கெட்டில் பொருத்திவிட்டால் அதற்கும் பூச்சிக்கும் உள்ள தூரம் அநேகமாக மாறுவதே இல்லை என்பதால், 1/16 பவர் (முழு பவரில் பதினாறில் ஒரு பங்கு) ஒருமுறை சரியாக அமைந்துவிட்டால் அன்று முழுவதும் அதுவே கைகொடுக்கும். ஆனால் பிளாஷைக் கையில் பிடித்து எடுப்பவர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: 10 செ.மீ. தூரத்தில் இருந்த பிளாஷ் 14 செ.மீ.க்கு நகர்ந்தாலே வெளிச்சம் பாதியாகிவிடும்.

கேள்வி: என் பிளாஷில் ஆப்டிகல் ஸ்லேவ் வசதி இருக்கிறது. கேமராவின் பிளாஷைப் பார்த்து அதுவும் மின்னுவதைக் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் படத்தில் அதன் வெளிச்சம் விழவே இல்லை. ஏன்?

பதில்: கேமராவின் பிளாஷ் டிடிஎல் முறையில் இருக்கும்போது, ஷட்டர் திறப்பதற்கு முன்பே வெளிச்சத்தை அளந்துகொள்ள ஒரு சிறு மின்னலை வெளியிடுகிறது. உங்கள் ஸ்லேவ் பிளாஷ் அதைப் பார்த்தே மின்னிவிடுகிறது. கேமராவின் பிளாஷை மேனுவலுக்கு மாற்றி மிகக் குறைந்த பவரில் வையுங்கள். அல்லது முன் மின்னலைப் பொருட்படுத்தாத எஸ்2 முறை ஸ்லேவில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். வெயிலில் ஸ்லேவ் தடுமாறும் என்பதால், திறந்தவெளியில் அடிக்கடி எடுப்பவர் ரேடியோ டிரிகருக்கு மாறுவது நல்லது.

கேள்வி: ஒரு ரேடியோ ரிசீவரைக் கேமராவின் ரிமோட் துளையிலும் இன்னொன்றைப் பிளாஷிலும் மாட்டி, கையிலுள்ள ஒரே பொத்தானால் இரண்டையும் இயக்கினேன். எல்லாப் படங்களும் இருட்டாக வந்தன. டிரிகர் பழுதா?

பதில்: டிரிகரில் குறையில்லை, கட்டளை செல்லும் வரிசைதான் தவறு. பொத்தானை அழுத்தியதும் பிளாஷ் உடனே மின்னிவிடும். கேமராவோ உள்ளிருக்கும் கண்ணாடியைத் தூக்கி, லென்சின் துளையான அப்பர்ச்சரைச் சுருக்கி, அதன் பிறகே ஷட்டரைத் திறக்கும். இதற்குச் சில பத்து மில்லி செகண்டுகளாவது ஆகும். பிளாஷின் மின்னலோ ஒரு மில்லி செகண்டு அளவிலேயே முடிந்துவிடும். ஆகவே பிளாஷுக்கான கட்டளை எப்போதும் ஹாட் ஷூவிலிருந்தே செல்ல வேண்டும், ஏனெனில் ஷட்டர் முழுமையாகத் திறந்த கணத்தைச் சொல்வது அதன் நடுவிலுள்ள மின்தொடர்புப் புள்ளிதான். அனுப்பவும் பெறவும் வல்ல டிரான்சீவர் வகை டிரிகரில் மூன்று வாங்கினால், ஒன்றைக் கையிலும், ஒன்றை ஹாட் ஷூவில் வைத்து அங்கிருந்து ரிமோட் துளைக்கு ஒரு கேபிள் கொடுத்தும், மூன்றாவதைப் பிளாஷிலும் பொருத்தலாம். உங்கள் மாடல் இப்படி இரு வேலையும் செய்யுமா என்பதை வாங்குமுன் கையேட்டில் பார்த்துவிடுங்கள். செய்யாதென்றால் ஷட்டருக்குச் சாதாரண வயர் ரிமோட்டும் பிளாஷுக்கு ரேடியோவும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஃபோகஸை மேனுவலில் வைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பூச்சி பறந்த பிறகும் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருக்கும்.

கேள்வி: கையில் பிடித்து எடுக்கும்போது 1/200 செகண்டிலும் படம் கலங்குகிறது. ரிமோட் வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. ரிமோட்டின் பயன் ட்ரைபாடில்தான். கையில் எடுக்கும்போது அசைவை உறைய வைப்பது பிளாஷே: 1/16 பவரிலும் அதற்குக் கீழும் பெரும்பாலான பிளாஷ்களின் மின்னல் செகண்டில் பல ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். பிளாஷை அணைத்துவிட்டு அதே அமைப்பில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அது ஏறக்குறைய கறுப்பாக வந்தால், உங்கள் படத்தை உருவாக்குவது பிளாஷ் மட்டுமே என்று பொருள். பூச்சி அதில் தெளிவாகத் தெரிந்தால், சூழ்ந்துள்ள வெளிச்சமே கலங்கலுக்குக் காரணம், ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறனை) குறையுங்கள்.

கேள்வி: படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழுகிறது.

பதில்: கேமராவின் சிங்க் வேகத்தை (பிளாஷோடு பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகத்தை) தாண்டிவிட்டீர்கள். விலை குறைந்த டிரிகர்கள் சற்றுத் தாமதிப்பதால், 1/200 அனுமதிக்கும் கேமராவிலும் 1/160 அல்லது 1/125 வைப்பது பாதுகாப்பானது.

கேள்வி: பிலிம் காலத்துப் பிளாஷ் ஒன்று கிடைத்தது. டிஜிட்டல் கேமராவில் மாட்டலாமா?

பதில்: அளந்து பார்க்காமல் மாட்டாதீர்கள். பிளாஷை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, அடிப்பாகத்தின் நடுப்புள்ளிக்கும் பக்கவாட்டு உலோகத்துக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். சில பழைய பிளாஷ்களில் 200 வோல்ட்டுக்கும் மேல் காட்டும். சில கேமராக்கள் 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ரேடியோ ரிசீவர் வழியாக இயக்கினால் கேமராவுக்கு ஆபத்தில்லை, ஆனால் ரிசீவரின் தாங்குதிறனைப் பார்க்க வேண்டும். எக்காரணம் கொண்டும் பிளாஷைத் திறக்காதீர்கள். அணைத்த பிறகும் உள்ளிருக்கும் கெப்பாசிட்டரில் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும்.

கேள்வி: வண்டின் முதுகில் வெள்ளைத் திட்டு விழுகிறது. பவரைக் குறைத்தாலும் போகவில்லை.

பதில்: வண்டின் ஓடு ஒரு குவி கண்ணாடி. அந்தத் திட்டு உங்கள் பிளாஷின் பிம்பமே என்பதால், பவரைக் குறைத்தால் மங்குமே தவிரப் பரவாது. வெளிச்சம் வரும் பரப்பைப் பெரிதாக்குவதுதான் வழி. மெல்லிய வெள்ளை ஃபோம் ஷீட்டையோ டிரேசிங் பேப்பரையோ வளைத்துப் பூச்சிக்கு மிக அருகிலும், பிளாஷை அதிலிருந்து சற்றுத் தள்ளியும் வையுங்கள். ஷீட் முழுவதும் சமமாக ஒளிர வேண்டும். பூச்சிகளைத் தேடிப் போகுமுன் ஓர் இலையில் ஒரு சொட்டு நீர் விட்டு, ஷீட்டைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுங்கள். சொட்டின் மேல் கூர்மையாக நின்ற வெள்ளைப் புள்ளி விரிந்து, ஓரம் மெல்லக் கரைந்து, அதன் கீழே இலையின் நரம்பு தெரியத் தொடங்கும் இடத்தில் ஷீட்டை நிறுத்தி, அங்கேயே அதை பிராக்கெட்டோடு கட்டிவிடுங்கள்.