தோட்டம், வீட்டு அலங்காரம் பற்றிப் பேச்சு வைத்தால் நிதி சேருமா? கிருஷ்ணகிரியில் நாங்கள் வைத்தோம்

கேள்வி: தர்மபுரியில் எங்கள் தெருச் சங்கம் சார்பாகப் பள்ளிக்கு நிதி திரட்ட வேண்டும். தோட்ட அமைப்பு, வீட்டு அலங்காரம் தெரிந்தவர்களைப் பேச வைத்து டிக்கெட் போடலாமா? நம்ம பக்கம் கூட்டம் வருமா?

வரும், தைரியமாக வையுங்கள். நீங்கள் கேட்கும் விதத்திலேயே தெரிகிறது, உங்கள் சங்கத்தில் யாரோ ‘இதெல்லாம் பணக்காரங்க பொழுதுபோக்கு, காசு கொடுத்து யாரு கேப்பாங்க’ என்று சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்கும் அதைத்தான் சொன்னார்கள். இன்றைக்கு வரை எனக்கு அது ஆறவில்லை. என் அம்மா ஓட்டு வீட்டில்தான் இருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் திண்ணைக்குச் செம்மண் பூசி, சுண்ணாம்பில் கரை கட்டுவார். கிணற்றடித் தண்ணீர் ஓடுகிற வழியில் வாழையும் கனகாம்பரமும் வைத்திருந்தார். அது தோட்ட அமைப்பு இல்லையா, வீட்டு அலங்காரம் இல்லையா? வீட்டை அழகாக வைத்துக்கொள்ள ஆசைப்படப் பணக்காரராக இருக்க வேண்டியதில்லை.

நான் தோட்டக்கலை படித்தவள் இல்லை, சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். ‘ஒரே ஒரு நிகழ்ச்சி நடத்திவிட்டுப் புத்தி சொல்ல வந்துட்டாங்க’ என்று யாராவது கீழே எழுதலாம், எழுதட்டும். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் தெருவை ஒட்டி ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. நூலகம் என்று ஒரு அறை இருந்தது, அலமாரி இல்லாமல் புத்தகம் எல்லாம் சாக்கில் கிடந்தது. அலமாரிக்கும் இரண்டு மின்விசிறிக்கும் 30,000 ரூபாய் வேண்டும். வீடு வீடாக ரசீது புத்தகம் தூக்கிக்கொண்டு போய் எல்லோருக்கும் சலித்துவிட்டது. அதனால் பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையில் தோட்டம், மதியத்துக்கு மேல் வீட்டு அலங்காரம் என்று இரண்டு பேச்சு. டிக்கெட் 150 ரூபாய், 140 பேர் வந்தார்கள். முக்கால்வாசி பெண்கள்.

காலையில் பேசியவர் பெங்களூரில் தோட்டம் வடிவமைத்துக் கொடுப்பவர், தமிழ்க்காரர்தான். திரையில் படம் படமாகப் போட்டார். பச்சைப் புல்தரை, நடுவில் கல் பாதை, பெயர் வாயில் நுழையாத செடிகள். அரை மணி நேரத்தில் ஆட்கள் எழுந்து வெளியே போக ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குக் கையெல்லாம் நடுங்கியது. அப்போது பின் வரிசையில் இருந்து ஒரு பாட்டி எழுந்து, “ஏம்ப்பா, எங்கூட்டு போர் தண்ணி ஒரே உப்பு. ஊத்துனா இலை ஓரமெல்லாம் கருகுது. இந்தப் புல்லு அதுல வருமா?” என்று கேட்டார்.

அந்த மனிதர் ஒரு நிமிடம் நின்றார். அப்புறம் படத்தை நிறுத்திவிட்டு மேடையை விட்டுக் கீழே இறங்கி வந்தார். “அம்மா, வராது. உங்க ஊர்த் தண்ணியைப் பத்தி எனக்கு யாருமே சொல்லலையே” என்றார். தப்பு எங்களுடையதுதான். கூப்பிட்டோம், தேதி சொன்னோம், வண்டிக்குப் பணம் கொடுத்தோம். நம் ஊர் என்ன மாதிரி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெங்களூரும் ஓசூரும் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், அங்கே ரோஜா தானாகச் சிரிக்கும். நாம் அதில் பாதி உயரத்தில் செம்மண்ணிலும் பாறையிலும் இருக்கிறோம்.

அதற்குப் பிறகு நடந்த ஒன்றரை மணி நேரம்தான் நிகழ்ச்சியே. யார் வீட்டில் என்ன தண்ணீர், எந்தப் பக்கம் வெயில் என்று ஒவ்வொருவராகக் கேட்டுப் பதில் சொன்னார். நூறு சதுர அடி புல்லுக்கு வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 40, 50 லிட்டர் வேண்டும், குடிக்கவே ஒகேனக்கல் தண்ணீர் எப்போது வரும் என்று குழாயைப் பார்க்கிற ஊரில் புல்லை மறந்துவிடுங்கள் என்றார். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் கிடைக்கும். மழைத் தண்ணீரில் உப்பு இல்லை, அதைப் பிடித்துவைத்துத் தொட்டிச் செடிகளுக்கு மட்டும் ஊற்றச் சொன்னார். சமையலறைத் தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பலாம். மேற்குச் சுவரில் கம்பி கட்டிச் சங்குப்பூ ஏற்றினால் சாயங்காலம் சுவர் தொடச் சுடாது. அரளி எல்லாப் பாகமும் விஷம், குழந்தைகள் விளையாடுகிற பக்கம் வேண்டாம். தெருவில் பாதி வீட்டில் வாசல் வரை சிமென்ட் போட்டு மண்ணே தெரியாமல் மூடிவிட்டோம், அதையும் கண்டித்தார். வெளியே போனவர்கள் எல்லாம் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

மதியத்துக்கு மேல் பேசிய பெண் ஓசூரில் வீட்டு உள் அலங்காரம் செய்பவர். காலையில் நடந்ததைக் கேள்விப்பட்டு, ஆளாளுக்குத் தங்கள் ஹாலைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டார். எதை வாங்கலாம் என்று ஒன்றும் பேசவில்லை, எதை எடுக்கலாம் என்றே சொன்னார். ஜன்னலுக்கு நேர் எதிரே டிவி வைத்தால் பகலெல்லாம் வெளிச்சம் திரையில் விழும். ஷோகேஸில் உள்ளதைப் பாதி எடுத்து உள்ளே வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றி வைத்தாலே புது வீடு மாதிரி ஆகிவிடும். உட்காரும் இடத்தில் வெள்ளை டியூப் லைட்டுக்குப் பதிலாக மஞ்சள் வெளிச்ச பல்பு ஒன்று போதும். பழைய கல் உரலைத் தூக்கிப் போடாதீர்கள், தண்ணீர் நிரப்பி அல்லி வையுங்கள், கொசு வராமலிருக்க நாலு கப்பி மீன் விடுங்கள் என்றார். ராகி இடித்த உரல் எங்கள் பக்கம் எத்தனை வீட்டில் கொல்லையில் கவிழ்ந்து கிடக்கிறது! அடுத்த மாதம் எங்கள் தெருவில் மட்டும் ஐந்து உரல் வாசலுக்கு வந்துவிட்டது.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும், கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான். தொடக்கி வைத்த பிரமுகர், எல்லா மேடையிலும் சொல்வது போல, மாம்பழத்துக்குப் பேர் போன மண் என்று பெருமையாகப் பேசினார். என் அப்பாவுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் மூன்று ஏக்கர் பெங்களூரா ரக மாந்தோப்பு இருக்கிறது. நன்றாகக் காய்த்த வருடம் மாங்கூழ் ஆலைக்காரர்கள் சொல்கிற விலை பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் காணாது. காயை மரத்திலேயே விட்ட வருடமும் உண்டு. பெருமை பேசுகிறவர்கள் ஒருநாளாவது விலை பேசினால் நன்றாக இருக்கும். சரி, விடுங்கள்.

கணக்குக்கு வருகிறேன். டிக்கெட்டில் 21,000 வந்தது. மண்டபம், மைக்செட், டீ, பேச்சாளர்கள் வந்துபோன செலவு எல்லாம் சேர்த்து 15,500 போய்விட்டது. அதாவது பேச்சில் நின்றது 5,500தான். மீதியெல்லாம் ஓரத்தில் நடந்தவை. வீடுகளில் பதியன் போட்டு எடுத்துவந்த செடிகள் (மல்லி, செம்பருத்தி, கற்பூரவல்லி, நந்தியாவட்டை) 9,200க்கு விற்றன. மதியம் ராகிக் களியும் கொள்ளுக் குழம்பும் போட்டதில் செலவு போக 7,300. பேச வந்த இரண்டு பேரும் ஆளுக்கு மூன்று வீட்டுக்கு நேரில் வந்து யோசனை சொல்ல ஒத்துக்கொண்டார்கள், வீட்டுக்கு 1,500 என்று 9,000. மொத்தம் 31,000. டிக்கெட்டை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள்.

உங்களுக்குப் பேச ஆள் கிடைக்கவில்லை என்றால் பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, எங்கள் பக்கம் பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, நேரில் போய்க் கேட்டுப் பாருங்கள். வெளியூர் ஆளைக் கூப்பிட்டால் பத்து நாள் முன்னாலேயே உங்கள் தெரு வீடுகள் பத்தின் படம், ஒரு பிடி மண், ஒரு பாட்டில் போர் தண்ணீர், மூன்றையும் அனுப்பிவிடுங்கள். பரீட்சை நேரமும் மார்ச்சுக்கு மேல் வெயிலும் வேண்டாம். செடி மேசையைப் பின்னால் தள்ளிவிடாமல் வாசலிலேயே போடுங்கள், கூட்டம் கலைகிற கடைசி கால் மணி நேரத்தில்தான் எங்களுக்குப் பாதிச் செடி விற்றது.