சிக்னல் ரெட்ல தாண்டுற வண்டிய தற்காலிகமா கேமரா வச்சுப் பாக்குறது எப்படி? உங்க கேள்விகளும் என் பதிலும்

கேள்வி: காலேஜ் ப்ராஜெக்ட்டுக்காக ட்ரைபாட்ல ஒரு கேமரா வச்சேன் அண்ணா. வீடியோல சில ஃப்ரேம்ல ரெட் லைட் அணைஞ்ச மாதிரி இருக்கு. கேமரா கோளாறா?

கேமரா கோளாறு இல்ல தம்பி, லைட் நிஜமாவே அணைஞ்சு அணைஞ்சுதான் எரியுது. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால நிறைய எல்ஈடி சிக்னல் வினாடிக்கு 100 தடவ மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது, ஆனா ஷட்டர (ஒரு ஃப்ரேமுக்கு கேமராவுக்குள்ள வெளிச்சம் போற நேரத்த) 1/1000 வினாடில வச்சிருந்தா அது சரியா இருட்டுல போய் விழுந்துடும். 1/50க்கு இறக்குனா ரெட் ஒழுங்கா பதியும். ஆனா அங்க இன்னொரு சிக்கல், 50 கிமீ வேகத்துல போற வண்டி 1/50 வினாடிக்குள்ள 28 செ.மீ நகர்ந்துடும், நம்பர் ப்ளேட் கலங்கிடும். அதான் ரெண்டு கேமரா வேணும்னு சொல்றது: ஒண்ணு தள்ளி பின்னாடி நின்னு சிக்னல், ஸ்டாப் லைன், வண்டி மூணையும் ஒரே ஃப்ரேம்ல புடிக்கணும், இன்னொண்ணு வேகமான ஷட்டர்ல ப்ளேட்ட மட்டும் எடுக்கணும். ஆரம்பிக்கும்போது ரெண்டு கேமராவுக்கும் தெரியுற மாதிரி செல்ஃபோன் ஃப்ளாஷ ஒருதடவ அடிச்சுடுங்க, அப்புறம் நேரத்த ஒட்டிப் பாக்க அது போதும். இத தெரியாம நான் ஒரு ஜங்ஷன்ல முழு ராத்திரி எடுத்த ரெக்கார்டிங்க அப்படியே தூக்கிப் போட வேண்டியதாச்சு, அதனாலதான் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்.

கேள்வி: 24 மணி நேரம் ஓட எந்த பேட்டரி சார்?

ரெண்டு கேமரா தலைக்கு 10 வாட், ரெக்கார்டர் 8 வாட்னு வச்சா மொத்தம் 28. 12 வோல்ட் 100 ஏஎச் (ஆம்பியர் அவர்) பேட்டரில 1200 வாட் அவர் இருக்கு, லெட் ஆசிட்னா பாதிக்கு மேல இறக்கக் கூடாது, 21 மணி நேரத்தோட நின்னுடும். லித்தியம்னா 80 சதவீதம் வரைக்கும் எடுக்கலாம், 34 மணி நேரம் தாராளமா வரும்.

கேள்வி: ரோட்டுக்குக் குறுக்க ரப்பர் ட்யூப் போட்டு எண்ணுறாங்களே, அது செலவு கம்மிதானே?

1960கள்ல நெதர்லாந்துல காட்சோ கம்பெனி முதல் ரெட் லைட் கேமராவ ட்யூப் வச்சுதான் ஓட்டுச்சு. லேன் புடிச்சு ஓட்டுற ஊருக்கு அது சரி. இங்க ஸ்டாப் லைனத் தாண்டி பத்து டூவீலர் நிக்கும், ட்யூப் மேலயே ஒருத்தர் காலூனி நிப்பார், எது தாண்டுச்சு எது ஊர்ந்துச்சுன்னு பிரிக்கவே முடியாது. வேண்டாம்.

கேள்வி: எங்க குடியிருப்போர் சங்கமே கேமரா வச்சு போலீசுக்கு அனுப்புனா செலான் போடுவாங்களா?

தானா வர்ற செலானுக்கு அது ஆகாதுங்க. மோட்டார் வாகனச் சட்டம் 136ஏ பிரிவும், 2021 ஆகஸ்ட்ல வந்த 167ஏ விதியும், கருவிக்கு மாநில அரசு நியமிச்ச அதிகாரிகிட்ட சான்றிதழ் இருக்கணும், வருஷா வருஷம் புதுப்பிக்கணும், கேமரா இருக்குன்னு முன்னாடியே போர்டு வைக்கணும்னு சொல்லுது. ரெட்ல தாண்டுறது 184வது பிரிவுல அபாயகரமா ஓட்டுறதுல வருது, 1000 முதல் 5000 வரைக்கும் அபராதம், ஜெயிலுக்கும் இடம் இருக்கு. அவ்ளோ பெரிய குற்றத்த ட்ரைபாட் வீடியோவ மட்டும் நம்பி ஒருத்தர் தலைல கட்டுறது நியாயம் இல்ல. ஆனா எத்தன மணிக்கு எத்தன வண்டி தாண்டுதுன்னு எண்ணி மனுவோட குடுங்க, அதுக்கு மதிப்பு இருக்கு.

கேள்வி: எங்க ஜங்ஷன்ல எல்லாருமே தாண்டுறாங்க. ஃபைன் போட்டாதானே சார் திருந்துவாங்க?

முதல்ல மஞ்சள் லைட் எத்தன வினாடி எரியுதுன்னு அளந்தீங்களா? தாண்டுறவங்க எல்லாரும் ஒரே ரகம் இல்ல. ரெட் விழுந்து முதல் ஒரு வினாடிக்குள்ள போறவர்ல நிறைய பேர் நிறுத்த முடியாம போறவர், ரெட் முடிய மூணு வினாடி இருக்கும்போதே டைமரப் பாத்துக் கிளம்புறவர் வேணும்னே கிளம்புறவர். ரெண்டையும் ஒரே எண்ணிக்கைல போட்டா ஒண்ணுமே புரியாது, அதனால ரெட் விழுந்து எத்தனாவது வினாடில தாண்டுச்சுன்னு ஒவ்வொரு வண்டிக்கும் குறிச்சுக்கோங்க. அப்புறம் வேகம். ரோட்டோரத்துல 10 மீட்டர் இடைவெளில ரெண்டு சாக்பீஸ் கோடு போடுங்க, வினாடிக்கு 25 ஃப்ரேம் ஓடுற வீடியோல ஒரு வண்டி 18 ஃப்ரேம்ல கடந்தா 50 கிமீ. டிரைவர் சுதாரிக்க ஒரு வினாடி, அதோட வேகத்த (வினாடிக்கு எத்தன மீட்டர்னு) 6ஆல வகுத்துக் கூட்டுனா சமதள ரோட்டுக்கு வேண்டிய மஞ்சள் நேரம் கிடைக்கும்: 50 கிமீக்கு 3.3 வினாடி, 60க்கு 3.8. உங்க சிக்னல்ல 2 வினாடிதான் எரியுதுன்னா தப்பு டிரைவர்கிட்ட இல்ல, அந்த டைமிங்ல இருக்கு. அத சரி பண்ணாம ஃபைன் போட்டா வசூல்தான் ஏறும், விபத்து குறையாது. 2014ல அமெரிக்காவோட சிகாகோல, கேமரா டிக்கெட் (அபராத நோட்டீஸ்) செல்லணும்னா இருக்க வேண்டிய குறைஞ்சபட்ச மஞ்சள் நேரம் 3.0ல இருந்து வெறும் 0.1 வினாடி இறங்குனதுல கூடுதலா 77,000 டிக்கெட் போயிருக்குன்னு அந்த ஊர் இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆபீசே (போலீஸ் இல்ல, நகர நிர்வாகத்தக் கண்காணிக்கிற அலுவலகம்) கணக்கு குடுத்துச்சு.

கேள்வி: கேமராவுக்குக் காசு இல்ல, ஒரே ஒரு காவலர்தான் இருக்கார். ஏதாவது வழி?

இருக்கு, எனக்கு ரொம்பப் புடிச்ச வழி. அமெரிக்காவுல பல ஊர்ல சிக்னல் பெட்டிக்குப் பின்பக்கம் சின்னதா ஒரு நீல விளக்கு மாட்டியிருப்பாங்க, ரெட் லைட்டோட வயர்லயே இணைச்சிருக்கும், ரெட் எரிஞ்சா மட்டும்தான் அதுவும் எரியும். காவலர் ஜங்ஷனத் தாண்டி அந்தப் பக்கம் நின்னுக்கிட்டே நீல விளக்கையும் ஸ்டாப் லைனையும் சேத்துப் பாக்கலாம், தாண்டுன வண்டி அவர் நிக்கிற இடத்துக்கே வந்துடும், ரெட்ல அவர் துரத்திக்கிட்டுப் போக வேண்டிய ஆபத்து இல்ல. சிக்னல் பராமரிக்கிற ஆள்கிட்ட சொன்னா அரை நாள் வேலை.