தலைக்கட்டுக் கணக்கில் வராத அப்பத்தா

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். எனக்குச் செக்கானூரணியை அடுத்த கிராமம். மதுரையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். பெங்களூரில் இருக்கும் என் பெரியப்பா மகன் எச்சிலை அனுப்பி டிஎன்ஏ சோதனை செய்துகொண்டார். அவருக்கு எம்130 என்று முடிவு வந்திருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து முதன்முதலில் கிளம்பி வந்தவர்களின் அடையாளம் அது, எழுபதாயிரம் வருடப் பழமை என்கிறார். இந்த மாசித் திருவிழாவுக்குப் பங்காளிகள் சேர்ந்து ‘உலகின் மூத்த குடி’ என்று ஃபிளெக்ஸ் வைத்தோம். படத்தை இணைத்திருக்கிறேன். நானும் சோதனை செய்துகொள்ளலாமா? எந்த நிறுவனம் நல்லது? கீழடி எலும்புகளோடு எங்கள் டிஎன்ஏவை ஒப்பிட்டுப் பார்க்க முடியுமா? என் அம்மா என் அப்பாவுக்குச் சொந்த அக்கா மகள். அதனால் எங்கள் வீட்டில் கலப்பே இருக்காது, முடிவு சுத்தமாக வரும் என்கிறார் அண்ணன். இது சரியா?

க.

அன்புள்ள க.,

இதுபோன்ற கடிதம் மாதத்துக்கு இரண்டேனும் வருகிறது. பெரும்பாலும் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதக் காரணம், போன வாரம் பரணை ஒழித்தபோது ஒரு பழைய ஃபோட்டோ அகப்பட்டது. உள்ளங்கை அளவு, கறுப்பு வெள்ளை, பின்னால் பென்சிலில் 1994 என்று என் கையெழுத்து. அதை மேசை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்த நாட்களில்தான் உங்கள் ஃபிளெக்ஸ் வந்து சேர்ந்தது. உங்கள் கடிதத்தில் நான் சாதிப் பெயரை நீக்கிவிட்டேன். அது இல்லாமலே எல்லாருக்கும் புரியும்.

முதலில் சில்லறைக் கேள்விகள். எந்த நிறுவனத்தையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ட்வென்டிதிரீ அண்ட் மீ என்ற அமெரிக்க நிறுவனம் இந்தத் தொழிலில் பெரிய பெயர். 2023இல் அதன் வாடிக்கையாளர்களில் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் திருடு போயின. 2025இல் திவால் மனு கொடுத்தது. எச்சில் உங்களுடையதுதான், ஆனால் அதில் எழுதியிருப்பதில் உங்கள் கூடப்பிறந்தவர்களுக்கும் இனிப் பிறக்கப்போகிற பிள்ளைக்கும் பங்கு உண்டு. அவர்களைக் கேட்டீர்களா?

கீழடி. எலும்பு கிடைத்தது பக்கத்துக் கொந்தகையின் தாழிகளில். நம் ஊர் வெயிலும் ஈரமும் டிஎன்ஏவைப் பொடிப்பொடியாக்கிவிடும். சிந்துவெளி நாகரிக ஊரான ஹரியானாவின் ராக்கிகடியில் 61 மாதிரிகளைச் சோதித்ததில் ஒன்றே ஒன்றுதான் மரபணுத் தொகுதியைப் படிக்கும் அளவுக்குத் தேறியது. 2019இல் அதை வெளியிட்டார்கள். அந்த ஒருத்தர் ஒரு பெண். உங்கள் பங்காளிகளின் கணக்குப்படி அவள் எந்தக் குடியிலும் சேர மாட்டாள். ஏன் என்று சொல்கிறேன்.

எம்130 என்பது என்ன? ஒய் குரோமோசோம் என்பது ஆண்களிடம் மட்டும் இருக்கும், அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் டிஎன்ஏ தொகுப்பு. அதில் ஒரு குறிப்பிட்ட இடத்தில், டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் சி என்ற எழுத்து இருக்க வேண்டும். ஐம்பதாயிரம் வருடத்துக்கும் முன்னால் யாரோ ஓர் ஆணுக்கு அது டி என்று மாறிப்போனது. பிரதி எடுக்கும்போது விழுந்த ஒற்றைப் பிழை. அவன் மகனுக்கும் மகனின் மகனுக்கும் அந்தப் பிழை அப்படியே போனது. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனின் குழு நம் மாவட்டத்து ஜோதிமாணிக்கம் கிராமத்தில் இதைக் கண்டது. அமெரிக்க மரபணு ஆய்வாளர் ஸ்பென்சர் வெல்ஸ் அந்த ஊரைத் தன் ஆவணப்படத்தில் காட்டப்போய் உலகத்துக்கே தெரிந்தது. நல்ல வேலை, அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அதே எம்130 ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் இருக்கிறது, மங்கோலியாவிலும் கசகஸ்தானிலும் ஏராளமாக இருக்கிறது. அவர்களும் உங்கள் பங்காளிகள்தான். அடுத்த மாசிக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கக் கசகஸ்தானுக்கு யார் போவது?

‘மூத்த குடி’ என்ற பேச்சுக்கும் அறிவியலில் இடமில்லை. கிளை பிரிந்த இடம் பழையதாக இருக்கலாம். கிளை நுனியில் இன்று உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் அடிமரம் ஒரே தூரம்தான். எழுபதாயிரம் வருடத்துக்கு முன்னால் அப்பன் இல்லாதவன் எவன் இருக்கிறான் இன்றைக்கு?

இப்போது அந்த ஃபோட்டோ. மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் வேலை பார்த்தேன், பெயர் வேண்டாம். ரத்த மாதிரிகளில் ஒய் இருக்கிறதா என்று பார்ப்பது அன்றைய வேலை. டிஎன்ஏவின் ஒரு துண்டைப் பிரதி பிரதியாகப் பெருக்கும் பிசிஆர் இயந்திரம் புதிதாக வந்திருந்தது, அதைத் துடைக்கக்கூடத் தனித் துணி. 95 டிகிரியில் டிஎன்ஏவின் இரண்டு இழையும் பிரியும். 55க்கு இறக்கினால் நாம் போட்ட சிறு துண்டுகள் போய் ஒட்டும். 72க்கு ஏற்றினால் நொதி பிரதி எடுக்கும். அந்த நொதி யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவினுடையது, அதனால்தான் கொதிக்கிற சூட்டிலும் கெடுவதில்லை. முப்பது சுற்று போனால் ஒன்று நூறு கோடியாகும். 1983இல் இந்த யோசனை கேரி முல்லிஸுக்குத் தோன்றியது, பத்தே வருடத்தில் நோபல் பரிசு கொடுத்துவிட்டார்கள்.

ஒன்று நூறு கோடியாகிறது என்றால் குப்பையும் அப்படித்தான். தோலில் உதிரும் ஒரு துகள் போதும். அதற்காகவே கடைசிக் குழாயில் ரத்தம் எதுவும் சேர்க்காமல் வெறும் தண்ணீர் வைப்போம். அதில் எதுவும் வரக் கூடாது. அன்று, ஒவ்வொரு குழாயின் பிரதிகளையும் தனித்தனித் தடத்தில் ஓடவிட்ட ஜெல்லைப் புற ஊதா விளக்கில் வைத்துப் பார்த்தால், எட்டாவது தடத்தில், தண்ணீர்த் தடத்தில், பளிச்சென்று ஒரு பேண்ட். ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு. தண்ணீருக்கு ஏது ஒய்?

எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் எல்லார் முன்னிலையிலும் என்னைத்தான் பிடித்தார். தலையைத் தொட்டிருப்பாய், பேசிக்கொண்டே பிப்பெட் பிடித்திருப்பாய், பெண்களை வைத்துக்கொண்டு சுத்தமான வேலை செய்ய முடியாது என்று பத்து நிமிடம். நான் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னேன்: “சார், எங்கிட்ட ஒய் கிடையாதே. என் முடி விழுந்திருந்தா இந்தத் தடம் காலியால்ல இருக்கணும்?” யாரும் சிரிக்கவில்லை. முந்தின நாள் மாலை அந்தத் தண்ணீரைச் சிறு குழாய்களில் பிரித்து வைத்தவர் அவர். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த ஜெல்லின் ஃபோட்டோவை நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

சரி, ஒய் உள்ளவர்களுக்கே வருகிறேன். தம்பி, உங்கள் ஃபிளெக்ஸைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பதினொரு முகம். பதினொன்றும் ஆண்கள், இருவர் கறுப்புக் கண்ணாடியில். ஒரு பெண்கூட இல்லை. உங்களைத் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது, ஒய்யின் கணக்கே அப்படித்தான். குலசாமி கோயில் வரி மாதிரி. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. பிறந்த பெண் கட்டிக்கொண்டு போனால் வேறு சாமி. மகள் மட்டும் பெற்றவனின் ஒய் அவனோடு நின்றுவிடும், அவன் ரத்தம் ஏழு ஊரில் ஓடினாலும்.

பத்துத் தலைமுறை பின்னால் போங்கள். அப்பா அம்மா இரண்டு, தாத்தா பாட்டிகள் நான்கு, எட்டு, பதினாறு என்று போனால் பத்தாவதில் 1024 இடம். ஒய் சொல்வது அதில் ஒரே ஓர் ஆளைப் பற்றி. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ என்று ஒன்று இருக்கிறது, 16,569 எழுத்துக் கொண்ட சின்ன வளையம், தாயிடமிருந்து மட்டுமே வரும். அது இன்னொரு ஆளைச் சொல்லும். மிச்சம் 1022 பேர்? உங்கள் டிஎன்ஏ மொத்தம் 600 கோடி எழுத்துக்கு மேல், ஒய் சுமார் 6 கோடி. நூறு ரூபாயில் ஒரு ரூபாயை எண்ணிவிட்டு ஃபிளெக்ஸ் அடித்திருக்கிறீர்கள்.

பத்துத் தலைமுறை தூரமாகத் தெரிந்தால் இரண்டே தலைமுறை போதும். ஒரு சாதாரணப் பேரனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒய் அவனுடைய அப்பாவின் அப்பாவிடமிருந்து. மைட்டோகாண்ட்ரியா அம்மாச்சியிடமிருந்து. அப்பத்தா எங்கே? அவளுடைய மைட்டோகாண்ட்ரியா அவள் மகனுக்கு வந்தது, அந்த மகன் தன் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. முடிந்தது. இரண்டு கோட்டிலும் அப்பத்தா இல்லை. அம்மாவின் அப்பாவும் இல்லை. ஆனால் மற்ற குரோமோசோம்களில் இவர்கள் ஒவ்வொருவரும் சராசரியாகக் கால் பங்கு. கால் பங்கு ஆளைக் காட்டாத சோதனையை வைத்துக்கொண்டு மூத்த குடி!

என் அப்பத்தா தேனூர்ப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். நான் என்னதான் செய்கிறேன் என்று ஒரு நாள் கேட்டாள். அடுப்படியில் வைத்தே காட்டினேன். வெங்காயத்தை அம்மியில் நைத்து, உப்பும் சோப்புத் தண்ணீரும் கலந்து, மெல்லிய துணியில் வடிகட்டி, ஆய்வுக்கூடத்திலிருந்து கொண்டுவந்த குளிர்ந்த எத்தனாலை டம்ளரின் ஓரமாக மெதுவாக விட்டேன். இரண்டும் சந்திக்கிற இடத்தில் வெள்ளையாக, நூலாக, பஞ்சுபோலத் திரண்டு மேலே எழும்பியது. ஊதுபத்திக் குச்சியில் சுற்றி எடுத்தேன். அவள் சுண்ணாம்பு ஒட்டிய விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “சளி மாதிரில்ல இருக்கு. இதுக்காடி தினம் ரெண்டு பஸ்ஸு மாறிப் போற?” என்றாள்.

அவள் இறந்தபோது நெய்ப்பந்தம் பிடித்தவன் என் அண்ணன். ஆனால் ஓர் ஆணிடம் ஒரே ஓர் எக்ஸ் குரோமோசோம்தான் உண்டு, அது தாய் கொடுத்தது. அப்பத்தாவின் இரண்டு எக்ஸும் கலந்து ஒன்றாகி என் அப்பாவுக்கு வந்தது. அப்பாவிடம் அதோடு கலக்க இன்னொரு எக்ஸ் இல்லை, நுனிகளைத் தவிர. அதனால் அப்படியே எனக்கு வந்தது. அண்ணனுக்கு அப்பா கொடுத்தது ஒய். ஆக அந்தச் சுண்ணாம்பு விரல்காரியின் எக்ஸ் எங்கள் வீட்டில் என்னிடம்தான் இருக்கிறது. இதை அண்ணனிடம் சொன்னால், “சொத்துல பங்கு கேக்கப் போறியா?” என்கிறான்.

உங்கள் கடைசிக் கேள்வியை மறந்தே போனேன். அக்கா மகளைக் கட்டினால் கலப்பு இருக்காது என்பது தவறு. உங்கள் அம்மாவின் அப்பா வேறு வீட்டிலிருந்து வந்தவர்தானே? அவர் கொண்டுவந்ததை எங்கே விடுவீர்கள்? புது ஆள் வரவு குறையும், அவ்வளவுதான். ஒரே முன்னோரின் ஒரே பிரதி இரண்டு பக்கமாகவும் வந்து சேர எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஒளிந்திருக்கிற நோய்கள் தலைகாட்டுவது அப்படித்தான். உங்கள் தலைமுறையிலும் சொந்தத்துக்குள் பேச்சு நடக்கிறது என்றால் மரபணு ஆலோசகரை ஒருமுறை பாருங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தை மூன்றாம் முறை படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. உங்கள் அம்மாச்சி உங்கள் அப்பாவுக்கு அக்கா. அதாவது உங்களுக்கு அத்தையும் அவரே, அம்மாச்சியும் அவரே. அவரைப் பெற்றவள் உங்கள் அப்பத்தா. அப்படியானால் அப்பத்தாவின் மைட்டோகாண்ட்ரியா மகளுக்குப் போய், மகளின் மகளான உங்கள் அம்மாவுக்குப் போய், உங்களுக்கு வந்திருக்கிறது! முன்வாசலில் விடாத கிழவி கொல்லைப்புறமாக வந்து அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். பங்கும் கூடுதல். சாதாரணப் பேரனுக்கு அப்பத்தா சராசரியாகக் கால் பங்கு, உங்களுக்கு எட்டில் மூன்று. அப்பா வழியாகக் கால், அம்மா வழியாக அரைக்கால். உங்கள் உடம்பில் அவள் இருக்கிற அளவுக்கு அந்த எம்130 ஆசாமி இல்லை, அவன் நூற்றில் ஒரு பங்கு ஒய்யோடு சரி.

அவள் பெயரை நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை. எந்த ஊரிலிருந்து வந்தாள் என்றும் இல்லை. உங்கள் அத்தை என்கிற அம்மாச்சி இருக்கிறாரா? இருந்தால் கேட்டு எழுதுங்கள். எச்சில் அனுப்புவதைப் பிறகு பார்க்கலாம்.

அன்புடன்.

பி.கு.: ஃபிளெக்ஸின் ஓரத்தில் டிஎன்ஏ ஏணி ஒன்று வரைந்திருக்கிறீர்கள். அது இடப்பக்கமாக முறுக்கியிருக்கிறது. நம் உடம்பில் இருப்பது வழக்கமாக வலமுறுக்கு, சாதாரணத் திருகாணியின் புரி போகிற திசை. அடுத்த வருடமாவது அச்சகத்தில் சொல்லித் திருப்பிப் போடச் சொல்லுங்கள்.